காணாமல் போன இரண்டாவது குரல்

திருட்டுப் போனது என்ன என்று பூங்கோதை அக்கா கேட்டதற்கு, சீனி முகம்மது பாய் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினார்.

“குரலு,” என்றார். “என் வண்டியோட குரல எடுத்துட்டாங்க.”

நான் பேனாவை மூடி சட்டைப் பையில் செருகினேன். ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, பரோட்டாக் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறவர் பூங்கோதை அக்கா. நான் நவ்ஷாத், அவருக்கு உதவியாளர். ஆட்டோமொபைல் டிப்ளமோவில் ஒரு பாடம் தவிர எல்லாவற்றிலும் அரியர் வைத்துவிட்டு அவரிடம் வந்து சேர்ந்ததிலிருந்து ஆடு, வலை, கல்யாண மாப்பிள்ளை என்று எத்தனையோ காணாமல் போயிருக்கின்றன. எல்லாவற்றையும் தேடிக் கொடுத்திருக்கிறோம். குரலை எங்கே போய்த் தேடுவது? ஞாயிற்றுக்கிழமை மதியம் பிரியாணியைப் பாதியில் விட்டுவிட்டுப் பெரியபட்டினத்துக்குப் பஸ் ஏறி வந்தது இதற்குத்தானா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

“டாக்டர்கிட்ட காட்டுனீங்களா பாய்?” என்றேன். “வெந்நீர்ல உப்புப் போட்டுக் கொப்பளிச்சா வந்துரும்.”

அக்கா என் காலை மிதித்தார். அலுவலகத்தில் அதற்குப் பெயர் எச்சரிக்கை.

பாயின் மனைவி ஹமீதா பானு டீ கொண்டுவந்தார். சூடான கெண்டியை வெறும் கையால் பிடிக்க முடியாமல், வான நீலத்தில் பளபளக்கிற ஒரு கிழிசல் துணியைச் சுற்றிப் பிடித்திருந்தார். என் டம்ளரில் ஒரு பொட்டு ஜிகினா மிதந்தது. வசதியான வீட்டு டீ இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக் குடித்துவிட்டேன்.

எங்களை அழைத்தது அவர்தான். காலையில் போனில் பேசியபோது ஒரு விசித்திரமான நிபந்தனை போட்டிருந்தார். யார் செய்தார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டாம், டிரைவர் தம்பி செய்யவில்லை என்று மட்டும் கண்டுபிடித்தால் போதும் என்றார். பாதித் துப்பு போதும் என்று கேட்ட முதல் கட்சிக்காரர் அவர். கூலியிலும் பாதி என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்குக் கவலை.

பாய் கதையைச் சொன்னார். அவர் துபாயில் அத்தர் கடையில் இருபது வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். திரும்பியதும் முதல் வேலையாகப் பழைய ஜப்பான் கார் ஒன்றை மதுரையில் பிடித்தார். வெள்ளை நிறம், ஓரங்களில் உப்புக்காற்று தின்று ஏறிய துரு. பார்த்தால் ஒன்றும் தெரியாது, கேட்டால்தான் தெரியும். சாதாரணமாக ஓட்டும்போது பூனை மாதிரி உறுமும். மிதித்து, மீட்டர் முள் ஐயாயிரத்தைத் தாண்டியதும் சட்டென்று குரல் மாறும். அதே வண்டிக்குள் வேறொரு வண்டி விழித்துக்கொண்ட மாதிரி ஒரு கர்ஜனை வரும். ஊரில் அந்த இரண்டாவது குரலைத் தெரியாதவர் கிடையாது. தூரத்தில் கேட்டாலே, சீனி பாய் வண்டி வருது என்று ஆட்டைப் பிடித்துக் கட்டிவிடுவார்கள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பாய் பள்ளிவாசலுக்கு நடந்தே போயிருக்கிறார். இமாம் மிம்பர் மேடையில் ஏறிக் குத்பாப் பிரசங்கம் ஓதிக்கொண்டிருக்கும்போது, தூரத்தில் ரோட்டில் அந்தக் கர்ஜனை கேட்டிருக்கிறது. குத்பா நடக்கும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவனிடம் பேசாதே என்று சொல்வதுகூடப் பேச்சில் சேர்ந்துவிடும். ஆக, பள்ளி நிறைய உட்கார்ந்திருந்த ஆண்கள் அத்தனை பேரும் திரும்பிப் பாயைப் பார்த்திருக்கிறார்கள். பாய் கூரையைப் பார்த்திருக்கிறார். தன் வண்டி தன் காதுபடக் களவு போவதைக் கேட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை பேச முடியாமல் உட்கார்ந்திருந்த வேதனையை அவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்து, டீ மூக்கில் ஏறிவிட்டது.

தொழுகை முடிந்து செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தால், வண்டி ஷெட்டில் சமர்த்தாக நின்றிருக்கிறது. பானெட் மட்டும் சுட்டிருக்கிறது. மறுநாள் எடுத்து ஓட்டினால் இரண்டாவது குரல் இல்லை. எவ்வளவு மிதித்தாலும் பூனை பூனையாகவே இருக்கிறது.

“அந்த நேரத்துல ஊர்ல பள்ளிக்கு வராத ஆம்பளை ஒருத்தன்தான். என் டிரைவர் ஜீவிதன். சாவியும் அவன்கிட்டதான் இருந்துச்சு. வண்டிய எங்கயோ கொண்டுபோயி, இன்ஜின்ல மேல் பாதியக் கழட்டி வித்துட்டு, ஏதோ ஒரு ஓட்டை இன்ஜின மாட்டிட்டான்.”

“ஒரு ஜும்ஆ நேரத்துலயா?” என்றேன். “அவ்வளவு வேகமா வேலை பாக்குறவன விட்றாதீங்க பாய். எங்க ஊரு ஒர்க்‌ஷாப்புல ஸ்டெப்னி மாத்தவே சாயந்தரம் ஆகும்.”

பாய் சிரிக்கவில்லை. சாயந்தரம் அஸர் தொழுகை முடிந்ததும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் கொடுப்பது என்று முடிவாகிவிட்டது, மனைவி கெஞ்சியதால்தான் அதுவரை பொறுத்திருக்கிறேன் என்றார்.

அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்ல அதிக நேரம் இல்லை.

*

ஜீவிதன் ஷெட்டின் நிழலில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். இருபத்தைந்து வயசிருக்கும். மண்டபம் அகதிகள் முகாமில் பிறந்து வளர்ந்தவன். அவனுடைய அம்மா விமலாதேவியும் தங்கை தக்சிகாவும் அவனும் இலங்கையில் தங்கள் சொந்த ஊரான மன்னாருக்குத் திரும்பிப் போக, பல வருஷ அலைச்சலுக்குப் பிறகு இப்போதுதான் அனுமதி கிடைத்திருந்தது. அடுத்த சனிக்கிழமை மதுரையிலிருந்து விமானம். இந்த நேரத்தில் அவன் பெயரில் ஒரு வழக்கு விழுந்தால் அவனுடைய அனுமதி நின்றுபோகும். அம்மாவும் தங்கையும் போவார்கள், அவன் முகாமில் கிடப்பான். அதை அவனே மெதுவான குரலில், வேறு யாருக்கோ நடக்கப்போகிற மாதிரி சொன்னான்.

வெள்ளிக்கிழமை வண்டியை எடுத்தாயா என்று அக்கா கேட்டார்.

“வண்டியில இருந்து ஒரு சாமானும் நான் கழட்டேல்லை,” என்றான். “அதுக்கு மேல ஒண்டும் கேக்காதேங்கோ அக்கா.”

எவ்வளவு கேட்டும் அவ்வளவுதான். எனக்கு அவன்மேல் சந்தேகம் வந்தது. தப்புச் செய்யாதவன் ஏன் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்? அக்காவோ அவனை விட்டுவிட்டு, வண்டியில் போய் அந்த இல்லாத குரலைக் கேட்க வேண்டும் என்றார்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். மாவட்டத்தில் உள்ள களவாணிகள் பலரும் பயப்படுகிற பூங்கோதை அக்காவுக்குக் காரில் ஏறினால் குமட்டும். பஸ் ஒத்துக்கொள்ளும், ஆட்டோ ஒத்துக்கொள்ளும், கார் ஆகாது. கைப்பையில் எப்போதும் எலுமிச்சம்பழம் இருக்கும். அதை மூக்கில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தார். பாய் ஓட்டினார். நான் பின்னால் உட்கார்ந்தேன். உச்சிப்புளி போகிற ரோட்டில், இரண்டு பக்கமும் பனையைத் தவிர யாரும் இல்லாத இடத்தில், பாய் மிதித்தார். முள் ஏறியது, சத்தமும் கூடவே ஏறியது. ஆனால் மாறவில்லை. ஒரே ஆள் கத்திக் கத்தித் தொண்டை வறண்டுபோன மாதிரிதான் இருந்தது.

வண்டியை ஓரம் கட்டிவிட்டு, முன்பு பதிவுசெய்து வைத்திருந்த சத்தத்தைப் பாய் போனில் போட்டுக் காட்டினார். ஐயாயிரத்துக்கு மேல் அந்தக் கர்ஜனை வந்தபோது, சொல்லக் கூடாது, எனக்குப் புல்லரித்தது. பாயின் கண் கலங்கிவிட்டது.

“ஏன் மாறுது?” என்றார் அக்கா, எலுமிச்சைக்குப் பின்னாலிருந்து.

அது ஜப்பான்காரன் ரகசியம் என்றார் பாய். அவருக்குத் தெரியாது என்பதை அத்தர்க்காரர் பாணியில் மணக்க மணக்கச் சொன்னார். அக்கா என்னைப் பார்த்தார். நல்லவேளையாக நான் அரியர் வைக்காத ஒரே பாடம் அது.

இன்ஜினுக்கு வால்வுகள் கல்யாண மண்டபத்துக் கதவு மாதிரி என்று விளக்கினேன். காற்றும் பெட்ரோலும் அதன் வழியாகத்தான் உள்ளே வரும். அந்தக் கதவைத் திறந்து மூடுவது, சுழல்கிற ஒரு தண்டில் இருக்கிற முட்டை வடிவப் புடைப்புகள். வண்டி மெதுவாகப் போகும்போது கூட்டம் குறைவு, கதவு கொஞ்சம் திறந்தால் போதும். வேகம் கூடும்போது பந்திக்கு ஆள் முண்டியடிக்கிற மாதிரி காற்று வர வேண்டும். அதற்கென்று இந்த வண்டியில் பெரிய புடைப்பு ஒன்று தனியாக இருக்கிறது. குறைந்த வேகத்தில் அது சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். ஐயாயிரத்தைத் தாண்டியதும் ஒரு சின்ன முளை உள்ளே நகர்ந்து பூட்டிக்கொள்ளும். அதோடு பெரிய புடைப்பின் ஆட்சி. கதவு அகலமாகவும் அதிக நேரமும் திறக்கும், காற்று அடித்துப் பிடித்துக்கொண்டு உள்ளே பாயும். அந்தப் பாய்ச்சல்தான் நாம் கேட்கிற இரண்டாவது குரல்.

“அந்த முளையத் தள்ளுறது யாரு?”

“ஆயில்க்கா. ஆயிலோட அழுத்தம்.”

“வேற யாரும் இல்லையா?”

“கம்ப்யூட்டர் ஒண்ணு இருக்கு. அது உக்காந்த எடத்துல இருந்து உத்தரவு போடும். வேலை பாக்குறது ஆயிலு. நம்ம ஆபீஸ் மாதிரிதான்.”

“அப்ப பாதி இன்ஜின எதுக்குலே திருடணும்? ஆயிலப் பாப்போம்,” என்றார் அக்கா. பிறகு கதவைத் திறந்துகொண்டு பனை மரத்துப் பக்கம் ஓடினார். எலுமிச்சை தோற்றுவிட்டது.

*

வீட்டுக்குத் திரும்பியதும் பானெட்டைத் திறந்தேன். ஆயில் அளவு பார்க்கிற கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தேன். எண்ணெய் மேல் கோட்டைத் தாண்டி விரல் அளவு உயரத்தில் நின்றது. அதில் பொடிப்பொடியாக நுரை.

பாய்க்கு நம்ப முடியவில்லை. ஆயில் குறைந்துவிட்டது என்று வியாழக்கிழமைதான் ஜீவிதன் சொன்னானாம். துபாயிலிருந்து கொண்டுவந்த கம்பெனி ஆயில் டின் பீரோவுக்கு மேல் பட்டுத்துணி போர்த்தி இருக்கிறது, அதை அடுத்த மாசம் உடைக்கலாம் என்று இவர் சொல்லியிருக்கிறார். அந்த டின் சீல் உடையாமல் அப்படியே இருந்தது.

அக்கா ஜீவிதனைக் கூப்பிட்டுக் கம்பியைக் காட்டினார். அவன் முகத்தை நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். நிஜமாகவே திகைத்தான். இந்த எண்ணெய் அவன் ஊற்றியதில்லை, அது சத்தியம். ஆனால் மறுகணம் அவன் கண் அடுப்படி ஜன்னல் பக்கம் போய், உடனே தரைக்கு வந்துவிட்டது. எனக்கு அது ஒன்றும் விளங்கவில்லை. அக்காவுக்கு விளங்கியிருக்க வேண்டும், அதற்குப் பிறகு அவனை அவர் ஒன்றுமே கேட்கவில்லை.

நான் ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்தேன். வாயைச் சுற்றிப் பளபளவென்று துகள் ஒட்டியிருந்தது.

“போச்சு பாய்,” என்றேன். “இன்ஜின் உள்ளுக்குள்ள தேஞ்சு, இரும்புத்தூள் மேல வந்துருச்சு. ஆயுசு முடிஞ்சது.”

பாய் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, அஸர் வரைக்கும் எதற்குக் காத்திருப்பது, இப்போதே ஸ்டேஷனுக்குப் போகிறேன் என்று செருப்பைத் தேட ஆரம்பித்தார். என்னைப் போல ஓர் உதவியாளன் இருந்தால் அக்காவுக்கு எதிரி வேறு வேண்டாம்.

அக்கா ஒரு துகளை விரல் நுனியில் ஒற்றி எடுத்தார். வெயிலில் திருப்பிப் பார்த்தார். பஸ் டிக்கெட்டில் மடித்து வைத்துக்கொண்டார். கம்பியில் இருந்த எண்ணெயை ஒரு பாட்டில் மூடியில் வழித்து என் கையில் கொடுத்தார். அஸர் வரை பொறுத்திருப்பதாகப் பாயிடம் இன்னொரு தடவை வாக்கு வாங்கிக்கொண்டு கடற்கரைக்கு நடந்தார்.

*

கரையில் வள்ளங்களுக்கு இன்ஜின் பழுது பார்க்கிற ஒரே ஆள் காஜா நவாஸ். ஹமீதா பானுவின் கூடப் பிறந்த தம்பி. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓர் இன்ஜினுக்குள் தலையை விட்டிருந்தான். பாட்டில் மூடியை நீட்டினேன். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தான், முகர்ந்தான்.

“இது நம்ம வள்ளத்து ஆயிலு. நல்லாக் கெட்டியா இருக்கும். காருக்கு எவனும் ஊத்த மாட்டானே.”

மச்சானுடைய காரில் இருந்துதான் எடுத்தோம் என்றதும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். அதுவும் மேல்கோட்டைத் தாண்டி இருக்கிறது என்றதும் சிரிப்பு நின்றது. அளவுக்கு மேல் ஊற்றினால் இன்ஜினுக்கு அடியில் சுழல்கிற பெரிய தண்டு எண்ணெயில் அடிபட்டு, டீ ஆற்றுகிற மாதிரி நுரை கிளப்பிவிடும் என்றான். நுரை எதைத் தள்ளும்? கையால் அழுத்தினால் அமுங்கிப்போகிற சாமான். முளை நகராது, குரல் மாறாது. உள்ளே எல்லாம் முழுசாக இருக்கிறது, எவனும் எதையும் கழற்றவில்லை என்று அவனே தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

“அப்ப திருடன் வண்டிய எடுத்துட்டுப் போயி, திருப்பிக் கொண்டாந்து நிறுத்தி, ஆயிலும் ஊத்திட்டுப் போயிருக்கான்,” என்றேன். “அவன் அட்ரஸ் கெடச்சா என் பைக்கையும் ஒரு நாளைக்குக் குடுக்கலாம்.”

“இதுல என்ன அதிசயம்?” என்றான் காஜா நவாஸ். “இங்கன இரவல் வள்ளம் எடுத்தா அப்படித்தான். வெறுமனே கொண்டாந்து கட்டக் கூடாது. டீசல் ஊத்தணும், ஆயில் பாத்துக் கழுத்து வரைக்கும் ரொப்பணும். இல்லாட்டி அடுத்த தடவை ஒருத்தனும் வள்ளம் தர மாட்டான்.”

எனக்குள் மணி அடித்தது. பெட்ரோல் முள்! பாய் எப்போதும் கால் டேங்குக்கு மேல் போடமாட்டார் என்பது அவர் முகத்திலேயே எழுதியிருக்கிறது, ஆனால் போகும்போது முள் உச்சியில் நின்றதைப் பார்த்திருந்தேன். வள்ளத்து ஆயில், வள்ளத்துப் பழக்கம், ஆள் இன்ஜின் மெக்கானிக், வீட்டுக்குள் போய்வரத் தடையில்லாத மைத்துனன். நான் மார்பை நிமிர்த்தி, வெள்ளிக்கிழமை காரை எடுத்தது நீதானே என்று நேரடியாகவே கேட்டுவிட்டேன்.

“குத்பாவுல மச்சானுக்குப் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்,” என்றான் அவன் பொறுமையாக. “குரல் கேட்டதும் அவரு என் தொடையக் கிள்ளுன கிள்ளு இன்னும் வலிக்குது. காட்டவா?”

வேண்டாம் என்று அக்கா அவசரமாகச் சொன்னார்.

கிளம்பும்போது அக்கா சும்மா கேட்கிற மாதிரி கேட்டார், எண்ணெயை எப்படி ஊற்றுவீர்கள் என்று. துணி போட்டு வடிகட்டித்தான் என்றான் அவன். கரையில் கிடக்கிற கேனில் மணல் விழுந்திருக்கும், அப்படியே ஊற்றினால் இன்ஜின் போய்விடும். சின்ன வயசிலிருந்தே எங்கள் வாப்பா அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார் என்றான்.

“ஒங்களுக்கா?”

“எனக்கும் ஹமீதா லாத்தாவுக்கும். வாப்பா வள்ளத்துக்கு ஆயில் பாக்குறது லாத்தாதான். நான் அப்ப சின்னப் பய.”

அக்கா பஸ் டிக்கெட்டைப் பிரித்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். துகள் ஒரு பக்கம் வெள்ளி, மறுபக்கம் வான நீலம்.

“இரும்புக்கு நீலக் கலரு எங்கலே இருக்கு? இதத்தான் நீ டீயோட குடிச்ச.”

நான் அவசரமாக நாக்கைத் துடைத்துக்கொண்டேன்.

*

அடுப்படியில் ஹமீதா பானு தனியாக இருந்தார். இன்னொரு டீ கிடைக்குமா என்று அக்கா கேட்டார். கெண்டியோடு அந்த நீலத் துணி வந்தது. அக்கா டிக்கெட்டில் இருந்த துகளைத் துணியின் மேல் வைத்தார். மற்ற ஜிகினாக்களோடு சேர்ந்து அது காணாமல் போய்விட்டது. துணியின் ஒரு மூலையில் எண்ணெய்க் கறை இருந்தது.

ஹமீதா பானு அடுப்பை அணைத்தார்.

“நான் ஒங்களக் கூப்பிட்டப்ப பாதிதான கேட்டேன்,” என்றார்.

“மீதி தானா வந்துருச்சு,” என்றார் அக்கா.

நோன்புப் பெருநாளுக்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், ஆண்கள் எல்லாரும் பள்ளியில் இருக்கிற நேரத்தில், தென்னந்தோப்புக்குள் ஜீவிதன் அவருக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். எல்.எல்.ஆரும் எடுத்தாயிற்று. வருகிற புதன்கிழமை லைசென்ஸ் டெஸ்ட். புருஷனிடம் ஒரு தடவை ஆசையைச் சொன்னதற்கு, நீ ஸ்டியரிங்கைத் தொட்ட அன்றைக்கே வண்டியை விற்றுவிடுவேன் என்று விருந்தாளிகள் முன்னால் சொல்லிச் சிரித்திருக்கிறார். போன வெள்ளிக்கிழமை நடந்ததுதான், டெஸ்டுக்கு முன் கடைசிப் பாடம். முதல் தடவையாகத் தோப்பை விட்டு ரோட்டுக்கு வந்திருக்கிறார்கள். வழியில் பங்க்கில் டேங்க் நிரம்பப் பெட்ரோலும் போட்டிருக்கிறார்.

“தூரத்துல கேட்டுக் கேட்டு எனக்கு ஆசை. என் காலால அத வர வைக்கணும்னு,” என்றார். “வந்துச்சு. அழுதுட்டேன்.”

வீட்டுக்கு வந்து ஜீவிதன் போன பிறகு, ஆயில் குறைவு என்று அவன் சொன்னது ஞாபகம் வந்திருக்கிறது. கொல்லையில் வாப்பா வள்ளத்துக் கேன் இருந்தது. கை தன்னால் போயிருக்கிறது. வடிகட்டப் பழைய துப்பட்டாவில் ஒரு துண்டைக் கிழித்து, கழுத்து வரைக்கும் ரொப்பிவிட்டார். இரவல் எடுத்த வண்டியை வெறுமனே நிறுத்த மனசு வரவில்லை. அந்த மரியாதைதான் குரலை அடைத்துவிட்டது.

எனக்குக் கோபம் வந்தது. ஒரு பையன் வாழ்க்கையைப் பணயம் வைத்துவிட்டு இந்த அம்மா டீ ஊற்றிக்கொண்டிருக்கிறாரே என்று கேட்டேவிட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. சனிக்கிழமையே சொல்லப் போனாராம். ஜீவிதன்தான் கையெடுத்துக் கும்பிட்டு, புதன்கிழமை டெஸ்ட் முடியட்டும், அதுவரை நான் தாங்குவேன் என்று தடுத்தானாம். போலீஸ் என்ற பேச்சு வந்ததும் பயந்துபோய் எங்களைக் கூப்பிட்டிருக்கிறார்.

“நான் இன்னைக்கே சொல்லிருவேன். எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல.”

“அந்தத் தம்பி மேல தப்பில்லைன்னு கண்டுபிடிச்சாச்சு. என் வேலை முடிஞ்சது,” என்றார் அக்கா. “ஆனா நான் சொன்னா பாய் பாதிதான் நம்புவாரு.”

டம்ளரை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டார். நான் என் டீயை நன்றாகப் பார்த்துவிட்டுக் குடித்தேன்.

*

வண்டிக்கு அடியில் படுத்து, ஜீவிதனும் நானும் பழைய எண்ணெயை முழுக்க வடித்தோம். பட்டுத்துணியை விலக்கி துபாய் டின்னின் சீலை உடைத்தபோது பாய் பிஸ்மி சொன்னார், ஏதோ ஆடு அறுக்கிற மாதிரி. அளவு பார்த்து, மேல் கோட்டில் நிறுத்தினோம். பாய் கையைக் கழுவிவிட்டுச் சாவிக்குக் கை நீட்டினார்.

சாவி ஹமீதா பானுவிடம் இருந்தது. புர்கா அணிந்து, செருப்பு மாட்டிக்கொண்டு தயாராக வந்திருந்தார்.

“ஏறுங்க,” என்றார் புருஷனிடம். “அந்தப் பக்கம்.”

பாய் அவரையும் பார்த்தார், எங்களையும் பார்த்தார். ஜீவிதன் பின் கதவைத் திறந்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். தெருவில் ஆள் நடமாட்டம் இருந்ததால் வாக்குவாதம் செய்ய முடியாமல் பாய் ஏறி உட்கார்ந்தார். ஜீவிதன், நான், எலுமிச்சம்பழம், அக்கா என்ற வரிசையில் பின்னால் ஏறினோம்.

தெருவைத் தாண்டும்வரை வண்டி ஆடாமல் அசையாமல் போனது. பாய் ஒரு கையால் கதவையும் இன்னொரு கையால் தன் முழங்காலையும் பிடித்துக்கொண்டிருந்தார். இன்ஜின் சூடாகட்டும் அக்கா, இப்ப வேண்டாம் என்று ஜீவிதன் பின்னாலிருந்து ஹமீதா பானுவிடம் மெதுவாகச் சொன்னான். பனைகள் வந்தன. ரோடு காலியாக இருந்தது.

“இப்ப,” என்றான்.

ஹமீதா பானு மிதித்தார். முள் ஏறியது. மூவாயிரம், நாலாயிரம், பூனை உறுமியது. ஐயாயிரம். ஒரு கணம் ஒன்றும் இல்லை. பிறகு வண்டியின் அடிவயிற்றிலிருந்து அது புறப்பட்டு வந்தது. போனில் கேட்டது ஒன்றுமே இல்லை. சீட்டு, கண்ணாடி, என் பல் எல்லாம் சேர்ந்து அதிர்ந்தன. குமட்டலை மறந்து அக்கா எலுமிச்சையைக் கீழே போட்டுவிட்டார்.

கொஞ்ச தூரம் போய் ஹமீதா பானு வேகத்தைக் குறைத்து, இன்டிகேட்டர் போட்டு, கண்ணாடி பார்த்து, ஓரமாக அழகாக நிறுத்தினார். வெள்ளிக்கிழமை நடந்தது அத்தனையும் அங்கேயே சொன்னார். எதையும் மறைக்கவில்லை, எதற்கும் அழவில்லை.

 பாய் மனைவியைப் பார்க்காமல், பின்னால் ஜீவிதன் பக்கம் திரும்பினார்.

“கேஸ் ஆயிருந்தா நீ எங்கடா போயிருக்க முடியும்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“நான் போற ஆள் பாய்,” என்றான் ஜீவிதன். “ஹமீதா அக்கா இங்க இருக்கிறவா. நான் சொல்லியிருந்தா, பிறகு ஒரு நாளும் அவவைக் கார் ஓட விட்டிருக்க மாட்டீங்கள்.”

 பாய் தோள் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். அவருக்கு வெட்கமாக இருந்தது, அதை மறைக்கவும் அவர் முயலவில்லை. அவனுடைய கையை இழுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு, மன்னிச்சுக்கடா என்றார். காருக்குள் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. இந்த மாதிரி நேரத்துக்குத்தான் அலுவலகத்தில் என்னை வைத்திருக்கிறார்கள்.

“ஸ்டியரிங்கத் தொட்டா வண்டிய வித்துருவேன்னு சொன்னீங்களாமே பாய்? என்ன விலை?”

“குரல் இல்லாத வண்டியத்தான் விக்கிறதா இருந்தேன்,” என்றார் பாய் சுருக்கென்று.

தூரத்துப் பள்ளியில் அஸர் பாங்கு ஆரம்பித்தது. எல்லாரும் பேச்சை நிறுத்தினோம். பாங்கு முடியும்வரை பாய் தலை குனிந்து எதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

“சனிக்கெழமை நீங்க மதுரை ஏர்போர்ட்டுக்கு இந்த வண்டியிலதான் போகணும்,” என்றார் ஜீவிதனிடம். “ஆனா நீ ஓட்டக் கூடாது. ஊருக்குப் போற பிள்ளை, பின்னால அம்மா பக்கத்துல உக்காந்து வா. எனக்கு அவ்வளவு தூரம் ஓட்டப் பழக்கமில்ல. ஒரு நல்ல டிரைவராப் பாக்கணும்.”

ஹமீதா பானு கண்ணாடியைச் சரி செய்து, கிளட்சை மிதித்து, முதல் கியரைப் போட்டார்.

“பாத்தாச்சு,” என்றார்.